சட்ஜம் இல்லாத இசைக்குள் எந்த வாசல் வழியாகப் போவது?

போன மாதம் மந்தைவெளியில் ஒரு நண்பர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது அவர் கேட்டார்: "நீங்க இந்த ஷோன்பெர்க், வெபர்ன்லாம் கேக்கறீங்களே, நானும் மூணு தடவ உக்காந்து பாத்துட்டேன், அஞ்சு நிமிஷத்துக்கு மேல தாங்கல. எங்கேர்ந்து சார் ஆரம்பிக்கறது?" ஷோன்பெர்க்கும் வெபர்னும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சட்ஜம் (நம் 'ச', ஆதார ஸ்வரம்) என்று ஒன்று நிற்காத இசையை எழுதிய வியன்னாக்காரர்கள். நண்பர் காது இல்லாத ஆள் இல்லை. முப்பது வருஷமாக மார்கழியில் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு சபா சபாவாகப் போகிறவர். பாடகர் ஆலாபனையில் இரண்டு பிடி பிடிப்பதற்குள் ராகம் சொல்லிவிடுவார். நான் யோசிக்காமல் 'பியரோ லூனேர்' கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். திரும்பி வரும் வழியிலேயே அது தப்பான பதில் என்று புரிந்துவிட்டது. ஷோன்பெர்க் 1912இல் எழுதிய அந்தப் படைப்பில் 21 கவிதைகள், ஒரு பெண் குரல். அந்தக் குரல் பாடவும் செய்யாது, பேசவும் செய்யாது, ஸ்வரத்தைத் தொட்ட உடனே அதை விட்டு நழுவிவிடும். ஸ்வரஸ்தானம் சுத்தமாக நிற்க வேண்டும் என்று பழகிய காதுக்கு அதைவிடக் கடினமான தொடக்கம் கிடையாது.

அதனால் இந்த முறை நிதானமாக யோசித்து எழுதுகிறேன். எனக்குத் தெரிந்து உள்ளே போக ஐந்தாறு வழி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் நான் கொஞ்ச தூரமாவது போயிருக்கிறேன். எல்லாம் எல்லோருக்கும் ஒத்துவராது.

முதலில், இது நமக்கு ஏன் கஷ்டமாக இருக்கிறது? மேற்கத்திய இசை வரலாற்றில் வழக்கமாகச் சொல்லும் கதை என்னவென்றால், ஒரு ஸ்வரத்தை வீடாக வைத்துக்கொள்ளும், பல நூற்றாண்டுகளாக இருந்த மேஜர், மைனர் அமைப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டில் தளர்ந்துகொண்டே வந்து 1908 வாக்கில் ஷோன்பெர்க் கையில் அவிழ்ந்தது, கேட்டவர்கள் அதிர்ந்துபோனார்கள். கதை சரிதான். ஆனால் அந்த அமைப்பைச் சின்ன வயதிலிருந்து தேவாலயத்திலும் பள்ளியிலும் கேட்டு வளர்ந்தவர்களுக்குத்தான் அது அவிழும்போது உறைக்கும். சினிமாப் பாட்டு வழியாக நமக்கும் ஓரளவு அது பழக்கம் என்றாலும், நம் காது பிடித்துக்கொண்டு நிற்கும் கயிறு வேறு, தம்புரா. கச்சேரி ஆரம்பித்ததிலிருந்து மங்களம் வரைக்கும் சட்ஜம் அங்கேயே இருக்கிறது, பாடகர் எங்கே போனாலும் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று அதை வைத்துத்தான் அளக்கிறோம். இந்த இசையில் அந்த சட்ஜத்தையே எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு ஸ்வரஸ்தானமும் இருக்கிறது, ஆனால் எதுவும் வீடு கிடையாது. நண்பருக்கு அந்த ஐந்து நிமிஷத்தில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்: அவர் காது ஒவ்வொரு ஸ்வரத்திலும் சட்ஜத்தைத் தேடிப் பார்த்துக் களைத்துப்போயிருக்கிறது.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

படித்துவிட்டுக் கேட்பது ஒரு வழி. படித்தவர்கள் அதிகம் இருக்கும் ஊர் இது, எல்லோருக்கும் முதலில் தோன்றுவதும் இதுதான், நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்டினேன், பெயர் வேண்டாம், எட்டு வாரத்தில் ஏழு வாரம் எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தோம், இசையைக் கேட்டது மொத்தமாக ஒரு மணி நேரம் இருக்காது. ஷோன்பெர்க் கண்டுபிடித்த பன்னிரண்டு ஸ்வர முறை சொல்வதற்கு எளிது: பன்னிரண்டு ஸ்தானத்தையும் ஒரு வரிசையில் அடுக்கிக்கொள்ள வேண்டும், அந்த வரிசையை நேராக, பின்னிருந்து, தலைகீழாக, தலைகீழாகப் பின்னிருந்து என்று நான்கு விதமாகவும், ஒவ்வொன்றையும் பன்னிரண்டு இடத்திலிருந்தும் வாசிக்கலாம், ஆக 48 வடிவம். நமக்கு உடனே ஆரோகணம் அவரோகணம் நினைவுக்கு வரும், 72 தாய் ராகங்களை அடுக்கும் மேளகர்த்தா சக்கரம் நினைவுக்கு வரும், ஆஹா நம்மூர் கணக்குதான் என்று தோன்றும். அது தப்பான சொந்தம். ராகம் என்றால் ஒரு நடத்தை, எந்த ஸ்வரத்தில் நிற்கலாம், எதை அசைக்கலாம், எந்தப் பிடியில் முகம் தெரியும் என்பது. வரிசை என்பது வெறும் வரிசை, அதைக் காதால் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஷோன்பெர்க்கே தன் மைத்துனரும் வயலின் கலைஞருமான ருடால்ஃப் கோலிஷுக்கு 1932இல் எழுதிய கடிதத்தில், இந்த வரிசையைத் தேடிப் பிடிப்பதால் அது எப்படிச் செய்யப்பட்டது என்பதுதான் தெரியும், அது என்ன என்பது தெரியாது என்கிற கருத்தில் கண்டித்திருக்கிறார். முறையைக் கண்டுபிடித்தவரே சொல்லும்போது நாம் ஏன் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்? படிப்பை மூன்றாவது, நான்காவது மாதத்துக்குத் தள்ளி வையுங்கள், அப்போது அது நிஜமாகவே இனிக்கும்.

வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருவது இரண்டாவது. பீத்தோவனின் கடைசிக் கால நால்வர் படைப்புகள் (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்ந்து வாசிப்பவை), 'குரோஸ ஃபூக', அப்புறம் வாக்னரின் 'டிரிஸ்டான்', மாலர், ஷோன்பெர்க் 1899இல் எழுதிய 'உருமாறிய இரவு' என்று படிப்படியாக ஏறுவது. இதைவிட நேர்மையான வழி கிடையாது, இதைவிட நீளமான வழியும் கிடையாது. வேலைக்குப் போய்க்கொண்டு ஒரு நாளைக்கு அரை மணி நேரம் ஒதுக்குகிறவருக்குப் பல மாதம் ஆகும், பாதியிலேயே பீத்தோவனை விட்டு வர மனசு வராது (அதில் தப்பும் இல்லை). ஆனால் இந்தப் பாதையிலிருந்து ஒரே ஒரு படைப்பை மட்டும் பிய்த்து எடுத்துக் கொடுப்பேன், ஷோன்பெர்க்கின் இரண்டாவது நால்வர் படைப்பு, 1908. முதல் பகுதி எஃப் ஷார்ப் மைனரில், சட்ஜம் இருக்கிறது என்று உங்கள் காதே சொல்லும். மூன்றாவது பகுதியில், நான்கு வாத்தியத்துக்கு நடுவில் ஒரு பெண் குரல் வந்து சேர்கிறது. நான்காவது பகுதி தொடங்கும்போது தாளில் சுருதிக் குறியே கிடையாது, வாத்தியங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கீழிருந்து மேலே ஆவி மாதிரி எழும்புகின்றன, வேறு கிரகத்துக் காற்றை உணர்கிறேன் என்று குரல் பாடுகிறது. சுருதிப் பெட்டியை யாரோ மெதுவாக அணைத்த மாதிரி இருக்கும். கடைசியில் எஃப் ஷார்ப் மேஜரில் வந்து இறங்குகிறது. சட்ஜம் போவதையும் திரும்புவதையும் அரை மணி நேரத்துக்குள் ஒரே இடத்தில் கேட்டுவிடலாம், மாதக்கணக்கில் வரலாறு கேட்டால் கிடைப்பதில் பாதி இதிலேயே கிடைத்துவிடும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த வாசல், தாளம்.

லய ஞானம் இருக்கிற சென்னைக்காரருக்கு இதைவிட நல்ல நுழைவு இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். ஸ்வர விஷயத்தில்தான் நம் காது திண்டாடுகிறது, லயத்தில் நாம் பின்தங்கியவர்கள் கிடையாது. மேற்கே புதுமையாக, அதிர்ச்சியாக இருந்த கணக்கு நமக்கு, மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் தினசரிச் சாப்பாடு. ஹங்கேரியின் பேலா பார்டோக், கிராமம் கிராமமாகப் போய் ஃபோனோகிராஃப் உருளையில் நாட்டுப்புறப் பாட்டைப் பதிவு செய்தவர், 1926 முதல் 1939 வரை 'மிக்ரோகாஸ்மாஸ்' என்று பியானோவுக்கு 153 துண்டுகள் எழுதினார், ஆறு புத்தகம், முதல் புத்தகம் குழந்தைகள் வாசிக்கிற அளவுக்கு எளிது, கடைசிப் புத்தகம் மேடையில் வாசிக்கிற தரம். கடைசி ஆறு துண்டுகள் பல்கேரிய லயத்தில் அமைந்த நடனங்கள். அதில் 150ஆவது, இரண்டும் மூன்றும். அதாவது தக தகிட. நம்ம ஐந்து எண்ணிக்கைத் தாளம், கண்ட சாபு!

என் அக்கா மகள் பியானோவில் எட்டாவது கிரேடு முடித்துவிட்டு இதை எடுத்தாள். அண்ணா சாலையில் வாங்கிய தாளை ஸ்டாண்டில் வைத்துக்கொண்டு, வலது கையை மட்டும் மெதுவாக வாசித்தாள், ஐந்தாவது எண்ணிக்கையில் ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை நின்று நின்று போனாள், ஆறாக்கிவிடும் பழக்கம், நாலையும் மூன்றையுமே எண்ணி வாசித்த விரல்கள். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து தொடையில் கண்ட சாபு போட்டேன், வேறு ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது முறை அந்தத் தயக்கம் போய்விட்டது. "மாமா, இது நம்ம சாபுதானே, ஏன் டீச்சர் இத ஒன் டூ த்ரீன்னு எண்ணச் சொல்றாங்க?" என்றாள். அதற்கு அப்புறம் அவளுக்கு அந்த இசையில் வருகிற உரசும் ஸ்வரங்கள் உறுத்தவே இல்லை. இதைத்தான் நான் கவனித்தேன்: தாளத்தில் கால் ஊன்றிவிட்டால், ஸ்வரத்தில் வருகிற கசப்பைக் காது பொறுத்துக்கொள்கிறது, கொஞ்ச நாளில் அந்தக் கசப்பே பிடித்துப்போகிறது. 149ஆவது துண்டு இரண்டு, இரண்டு, மூன்று. ஏழு எண்ணிக்கை மிஸ்ர சாபுவைத் திருப்பிப் போட்ட மாதிரி, விலோம சாபு. 148 நாலு, இரண்டு, மூன்று, ஆக ஒன்பது. 153 மூன்று, மூன்று, இரண்டு, தகிட தகிட தக. ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது என்னை ஒரு நாள் முழுக்க உட்கார வைத்த விஷயம். ரஷ்யாவின் ஸ்ட்ராவின்ஸ்கி எழுதிய 'வசந்தத்தின் சடங்கு', 1913 மே 29 அன்று பாரிஸில் அரங்கேறிக் கூச்சலும் குழப்பமும் ஆன அந்த பாலே. தொடக்கத்தில் பாசூன் குழைந்து முடிந்ததும் தந்தி வாத்தியங்கள் ஒரே ஸ்வரக் கூட்டைக் குத்திக் குத்தி அடிக்கும் இடம் வரும். காட்டுமிராண்டித்தனமாக இருக்கிறது என்று தோன்றும். அங்கே கையில் ஆதி தாளம் போட்டுப் பாருங்கள், ஒரு தட்டுக்கு நாலு அடி. எட்டு தட்டு, 32 அடி, ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) அப்படியே பொருந்தும். அதற்குள் அழுத்தங்கள் 9, 2, 6, 3, 4, 5, 3 என்று விழுகின்றன. கூட்டிப் பாருங்கள், 32. தாளம் கொஞ்சமும் அசையவில்லை, மேலே அடி மட்டும் தாளத்தை மறைத்துக்கொண்டு ஓடுகிறது. நம்மூர் மிருதங்க வித்வான் கணக்கை ஒளித்து வாசித்துவிட்டுச் சமத்தில், சுற்றின் முதல் தட்டில், வந்து நிற்கும்போது சபையில் தலையாட்டுவோம் இல்லையா, அதே சந்தோஷம் எனக்கு அங்கே கிடைத்தது. ஸ்ட்ராவின்ஸ்கி நம் கணக்கைத் தெரிந்து எழுதினார் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் கை அதைப் பிடிக்கத் தயாராக இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வாசலுக்கு ஒரு எல்லையும் உண்டு. அதே படைப்பின் கடைசிப் பகுதியில், பலி நடனத்தில், அளவு ஏறக்குறைய ஒவ்வொரு பாரிலும் (இசைத் தாளில் கோடு போட்டுப் பிரிக்கும் கட்டம்) மாறுகிறது. அங்கே எந்தத் தாளமும் நிற்காது, ஆவர்த்தனம் என்ற ஒன்றே இல்லை, திரும்பி வரச் சமம் கிடையாது. கை போட முயன்றால் இசை கையை விட்டுப் போய்விடும். அங்கே கையைக் கீழே போட்டுவிட்டு உடம்பால் கேட்க வேண்டியதுதான். வெபர்னிடம் போனால் தாளம் என்று கேட்கிற மாதிரி ஒன்றுமே இருக்காது. ஆக, தாளம் உங்களை பார்டோக், ஸ்ட்ராவின்ஸ்கி வரைக்கும் கூட்டிக்கொண்டு போகும், வியன்னாக்காரர்கள் வீட்டு வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிவிடும்.

இதோடு கலந்துபோகும் இன்னொரு வழி, நம்ம ஊர்த் தொடர்பைப் பிடித்துக்கொண்டு போவது. பிரான்ஸின் ஒலிவியே மெசியான், பதின்மூன்றாம் நூற்றாண்டு சாரங்கதேவரின் 'சங்கீத ரத்னாகர'த்தில் உள்ள 120 தேசி தாளங்களை ஒரு கலைக்களஞ்சியத்தில் பார்த்து வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்தினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, போர்க் கைதி முகாமில் எழுதி 1941 ஜனவரி 15 அன்று அங்கேயே வாசிக்கப்பட்ட 'காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை'யின் முதல் பகுதியில், பியானோ ராகவர்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் என்ற மூன்று தாளங்களைக் கோத்த 17 அளவுகளைத் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. கேட்கப் பெருமையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அதைக் கையில் போட முடியாது. அவர் எடுத்துக்கொண்டது நீளங்களின் வரிசையைத்தான், தட்டு, வீச்சு, ஆவர்த்தனம் எதுவும் அதில் இல்லை. தாளத்தைத் தேடிக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். அதற்குப் பதில் ஐந்தாவது பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், பியானோ ஒரே மாதிரி மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்க, செல்லோ ஒரு நீளமான பாட்டை மூச்சு விடாமல் இழுக்கிறது. முகாமில், குளிரில், அதைக் கேட்டிருந்தவர்களை நினைத்துக்கொண்டால் தொண்டை அடைக்கிறது.

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் கதையும் இதே மாதிரிதான். 1946இல் நியூயார்க்கில் அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் அவருக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தார், பதிலுக்கு அவர் மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்தார். கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசாமியின் எழுத்தைப் படித்து, ஒன்பது ரசங்களை மனதில் வைத்து 'சொனாட்டாக்களும் இடையிசைகளும்' என்ற இருபது துண்டுகளை 1946 முதல் 1948 வரை எழுதினார். பியானோவின் தந்திகளுக்கு நடுவில் திருகாணி, போல்ட், ரப்பர் துண்டு எல்லாம் செருகி வைத்து வாசிப்பது. எந்தத் துண்டு எந்த ரசம் என்று தேடாதீர்கள், தேடினால் தலைவலிதான் மிச்சம். ஓசையை மட்டும் கேளுங்கள்: ஒரு சமயம் ஜலதரங்கம், ஒரு சமயம் கடம், ஒரு சமயம் தூரத்துக் கோயில் மணி. இந்த வரிசையிலேயே காதுக்கு மிக இதமான படைப்பு இதுதான் என்பேன், வீட்டில் யாரும் 'அத நிறுத்து' என்று கத்த மாட்டார்கள். ஷோன்பெர்க்கைப் புரிந்துகொள்ள இது உதவுமா என்றால் உதவாது. அது வேறு உலகம்.

அப்புறம், ஒரே சின்னத் துண்டைத் தினமும் கேட்பது. கடைசியில் எனக்கு வேலை செய்தது இதுதான்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. 1918இல் ஷோன்பெர்க் வியன்னாவில் தனிப்பட்ட இசை நிகழ்ச்சிகளுக்கான சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தார். பத்திரிகை விமர்சகர்களுக்கு இடம் கிடையாது. கை தட்டக் கூடாது, எதிர்ப்பும் காட்டக் கூடாது. என்ன வாசிக்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். புதுப் படைப்பு என்றால் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். 1921 வரை நடந்தது. தன் இசை ஒரு தடவையில் பிடிபடாது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது, அதற்கு அவர் விளக்கவுரை கொடுக்கவில்லை, மறுபடி கேட்க வைத்தார். நமக்கும் ராகம் இப்படித்தானே வந்தது? மயிலாப்பூரில் நாங்கள் இருந்த வீட்டுக்குப் பக்கத்துச் சுவரில் பாட்டு வகுப்பு, தினம் சாயங்காலம் அதே மோகன வர்ணம், யாரும் எனக்கு மோகனம் சொல்லிக்கொடுக்கவில்லை, நாலு வருஷத்தில் அது எனக்குள் இருந்தது. விவாதி மேளங்களையும், அதாவது ஸ்வரங்கள் நெருக்கமாக உரசி நிற்கும் தாய் ராகங்களையும், நினைத்துப் பாருங்கள். 72இல் 40 விவாதி, ஒரு காலத்தில் தோஷம் என்று ஒதுக்கினார்கள். கோடீஸ்வர ஐயர் 72 மேளத்திலும் தமிழில் கீர்த்தனை செய்து வைத்தார். கனகாங்கியில் ச, ரி, க மூன்றும் அடுத்தடுத்த ஸ்தானத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், முதல் தடவை கேட்கும்போது யாரோ தப்பாகப் பாடுகிற மாதிரி இருக்கும், பத்தாவது தடவை அதன் முகம் தெரியும். அந்த மூன்று ஸ்வர நெருக்கத்தைச் சகித்த காதுக்கு வெபர்ன் அவ்வளவு அந்நியர் இல்லை.

நான் எடுத்துக்கொண்டது வெபர்னின் ஆறு பாகடெல் (சின்னஞ்சிறு துண்டுகள்), ஓபஸ் 9. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. ஆறும் சேர்ந்து நாலு நிமிஷம்கூட இருக்காது. ஒரு நாவலை ஒரே சைகையில், ஒரு சந்தோஷத்தை ஒரே மூச்சில் சொல்வது என்று ஷோன்பெர்க் இதற்கு முன்னுரையில் எழுதினார். முதலில் பறக்கும் ரயிலில், வேளச்சேரியிலிருந்து போகும்போது இயர்போனில் போட்டேன், ஒன்றுமே கேட்கவில்லை, அவ்வளவு சன்னமான ஓசை, வண்டிச் சத்தத்தில் காணாமல் போய்விட்டது. ஒலியைக் கூட்டினால் திடீரென்று ஒரு கீறல் காதைக் கிழிக்கும். அப்புறம் இரவு பத்தரைக்கு வீட்டில் முயன்றேன். அங்கே ஃபேன். அது சுற்றுகிற சத்தமே வெபர்னைவிடப் பெரிது. அக்னி நட்சத்திரத்தில் ஃபேனை அணைத்துவிட்டு நாலு நிமிஷம் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாள் எலி சுரண்டுகிற மாதிரி ஏதோ. நாலாவது நாள், ஏதோ ஒரு இடத்தில் வயோலா ஒரு ஸ்வரத்தைக் கண்ணாடி மாதிரி நீட்டுவது வரப்போகிறது என்று எனக்கு முன்னாலேயே தெரிந்தது, காத்திருந்தேன், வந்தது. பக்கத்து ஃபிளாட்டில் தண்ணீர் மோட்டார் போட்டுவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், மறுநாள். இரண்டாவது வாரத்தில் ஆறு துண்டுக்கும் ஆறு முகம் இருந்தது. அப்போது ஒன்று கவனித்தேன்: நான் சட்ஜத்தைத் தேடுவதை நிறுத்தியிருந்தேன். எந்த நாளில் நிறுத்தினேன் என்று தெரியவில்லை. அதற்கு அப்புறம் இசைத் தாளை எடுத்துப் பார்த்தேன் (வெபர்ன் இறந்தது 1945இல், இங்கே பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 வருஷம் வரைக்கும்தான், ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது), நான்காவது துண்டு மொத்தமே எட்டு பார்.

இந்த வழிக்குக் காசு தேவையில்லை, லய ஞானம் தேவையில்லை, மேற்கத்திய வரலாறு தேவையில்லை. பொறுமை தேவை, ஒரு அமைதியான அறை தேவை, இந்த ஊரில் இரண்டாவதுதான் கிடைக்காது.

நேரில் கேட்பது பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கிடைத்தால் எல்லா வழியையும்விட அதுதான் வேகமானது. பார்டோக்கின் நான்காவது நால்வர் படைப்பு (1928) பதிவில் கேட்கும்போது நான்காம் பகுதியில் 'படார்' என்று ஏதோ உடைகிற மாதிரி வரும். நேரில் பார்த்தால் தெரியும், வில்லையே தொடாமல் முழுப் பகுதியும் விரலால் மீட்டுகிறார்கள், அதில் தந்தியை மேலே தூக்கி விட்டு அது வாத்தியத்தின் மரத்தில் அடிக்கும்படி செய்கிறார்கள். கண் பார்த்ததும் காது நம்பிவிடுகிறது. ஆனால் சென்னையில் இது எப்போது கிடைக்கும் என்று திட்டம் போட முடியாது. மேற்கத்திய இசை இங்கே நடக்கிறது, எழும்பூர் மியூசியம் தியேட்டரில் நடக்கிறது, பிள்ளைகள் டிரினிட்டி பரீட்சை எழுதுகிறார்கள், கே.எம். கன்சர்வேட்டரி இருக்கிறது, ஆனால் மேடையில் பெரும்பாலும் வருவது மோட்ஸார்ட், பீத்தோவன், ஷோப்பான். அலியான்ஸ் பிரான்சேஸ், கோத்தே இன்ஸ்டிட்யூட் இரண்டின் நிகழ்ச்சிப் பட்டியலிலும் ஒரு கண் வைத்திருங்கள், வந்தால் மழையென்றாலும் போய்விடுங்கள். அதுவரைக்கும் யூடியூபில் வாசிக்கிறவர்களின் கை தெரிகிற வீடியோவாகப் பார்த்துக் கேளுங்கள், வெறும் ஆல்பம் அட்டை தெரிகிற பதிவை விட்டுவிடுங்கள்.

அப்படியானால் மந்தைவெளி நண்பருக்கு என்ன சொல்வது? அவருக்கு லயமும் உண்டு, சுருதி பிடிவாதமும் உண்டு. முதல் மாதம் பார்டோக். அதுவும் இப்போது சொன்ன அதே நான்காவது படைப்பின் மூன்றாம் பகுதியிலிருந்து: மற்ற மூன்று வாத்தியங்களும் ஒவ்வொன்றாக நுழைந்து ஒரு ஸ்வரக் கூட்டைப் பிடித்து அப்படியே நிறுத்த, அதன் மேல் செல்லோ தனியாக, நிதானமாக, நீட்டியும் உதறியும் பாடுகிறது. தம்புரா மேல் ஆலாபனை என்று அவர் காது உடனே கண்டுகொள்ளும், ஆனால் அந்தத் தம்புரா கசப்பான தம்புரா, நடுவில் ஸ்தானமும் மாறும். அங்கே பழகிவிட்டால் மற்ற நான்கு பகுதியும் வரும். இரண்டாவது மாதம் வெபர்னின் நாலு நிமிஷம், தினமும், ஃபேன் இல்லாமல். மூன்றாவது மாதம், ஷோன்பெர்க்கின் மாணவரான ஆல்பன் பெர்க்கின் வயலின் கான்செர்ட்டோ, 1935. பதினெட்டு வயதில் இறந்துபோன மனோன் குரோபியஸ் என்ற பெண்ணின் நினைவாக எழுதியது, பெர்க் அதை மேடையில் கேட்காமலேயே அந்த டிசம்பரில் இறந்துவிட்டார். பன்னிரண்டு ஸ்வர வரிசையில் எழுதியதுதான், ஆனால் தொடக்கத்தில் வயலின் தன் நான்கு தந்தியையும் விரல் வைக்காமல் ஒவ்வொன்றாக வாசிக்கிறது, கச்சேரிக்கு முன்னால் சுருதி சேர்க்கிற மாதிரி. கடைசியில் பாக்கின் ஒரு கீர்த்தனை அந்த வரிசைக்குள்ளிருந்தே வெளியே வருகிறது. நேரடியாக இதிலேயே ஆரம்பிக்கலாமே என்று கேட்கலாம். ஆரம்பிக்கலாம், அழக்கூடச் செய்வீர்கள், ஆனால் பாக் வருகிற இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைச் சகித்துக்கொள்வீர்கள். எனக்கு அப்படித்தான் ஆயிற்று, இரண்டு வருஷம் அந்தப் படைப்பின் கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தாளம் சுத்தமாக வராது, கச்சேரி கேட்டும் பழக்கமில்லை என்பவர்களுக்கு கேஜில் தொடங்கி வெபர்னுக்குப் போகச் சொல்வேன், பார்டோக் பிறகு. வீட்டில் பியானோவோ கீபோர்டோ இருந்து விரல் ஓடுமென்றால் 'மிக்ரோகாஸ்மாஸ்' முதல் புத்தகத்தைத் திறந்து உட்காருங்கள், வேறு எதுவும் வேண்டாம்.

நேற்று அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் இப்போது 152இல் இருக்கிறாள், இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று. நான் தொடையில் தக தக தக தகிட போட்டேன். ஒரு பக்கம் வாசித்துவிட்டுக் கையை எடுத்தாள். "நீங்க போட வேண்டாம் மாமா, நான் தனியா பாக்கறேன்" என்றாள். கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.